சுஷி சாப்பிட்ட இரவும் எனக்கு இல்லாத மீன் அலர்ஜியும்

மீன் சாப்பிட்ட அரை மணி நேரத்தில் முகம் சிவந்து, தலை இடித்து, நெஞ்சு படபடத்தால் பார்க்கிறவர்கள் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: உனக்கு மீன் அலர்ஜி. எனக்கும் அதைத்தான் சொன்னார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டிலும் அப்படியே எழுதிக் கொடுத்தார்கள். அதை நம்பி அரை வருடத்துக்கு மேல் மீன் குழம்பு வாசம் வந்தாலே பயந்து ஒதுங்கி வாழ்ந்தேன். கடைசியில் எனக்கு மீன் அலர்ஜியே இல்லை என்று தெரிந்தது. அன்றிரவு என் தட்டுக்கு வந்த சூரை மீன் துண்டுகளில்தான் கோளாறு. அதற்கு ஹிஸ்டமின் நஞ்சு என்று பெயர். மருத்துவ உலகத்தில் நன்றாகத் தெரிந்த விஷயம், ஆனால் நம் ஊரில் சாப்பிடுகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்றால் என்னைச் சுற்றி ஒருவருக்குக்கூடத் தெரியவில்லை. காரைக்குடிப் பக்கமும் இப்போது சுஷி, சஷிமி என்று பச்சை மீன் வைத்த ஜப்பான் சாப்பாடு கிடைக்க ஆரம்பித்துவிட்டது. பிள்ளைகள் ஆசையாகப் போகிறார்கள். போகட்டும், நானும் இனி போவேன். ஆனால் நான் பட்டதை இன்னொருத்தர் தனியாக உட்கார்ந்து படக்கூடாது.

நடந்தது தை மாதம். சிங்கப்பூரில் இருக்கிற கல்லூரித் தோழி ஒருத்தி கல்யாணத்துக்காக ஊருக்கு வந்திருந்தாள். தை வந்தால் எங்கள் பக்கம் பாதி சிங்கப்பூரும் மலேசியாவும் இங்கேதான் இருக்கும். பழைய கூட்டம் ஐந்து பேரும் ஒருநாள் ராத்திரி வெளியே சாப்பிடலாம் என்று முடிவானது. அவள்தான் சுஷி என்றாள். பழைய வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்து, முற்றத்தைச் சுற்றி மேசை போட்டு, வார இறுதியில் ஜப்பான் சாப்பாடு போடுகிற ஒரு இடம் புதிதாக வந்திருந்தது. தேக்குத் தூணும் ஆத்தங்குடிக் கல்லுமாக இருந்த வளவில் உட்கார்ந்து சுஷி சாப்பிடுவதே எங்களுக்குப் பெரிய உற்சாகம். எங்களில் ஒருத்தி பழனி பாதயாத்திரைக்கு விரதம் இருந்தாள். பேச்சுத் துணைக்கு வந்து எலுமிச்சை ஜூஸ் மட்டும் குடித்தாள். மற்ற நான்கு பேரும் சாப்பிட்டோம். பின்னால் பார்க்கும்போது, யார் எதைச் சாப்பிட்டோம் என்கிற இந்த விவரம்தான் எல்லாவற்றுக்கும் விடையாக இருந்தது. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சிங்கப்பூர்க்காரி சால்மன் தவிர வேறு தொடமாட்டாள். டீச்சராக இருக்கிற தோழி சூரையில் இரண்டு துண்டு எடுத்தாள். பேங்க்கில் வேலை பார்க்கிறவளும் சூரை ரோலில் கொஞ்சம் எடுத்தாள். எனக்குச் சூரை பிடித்துப்போனது. அந்தச் சிவப்புத் துண்டுகள் வாயில் வைத்ததும் வெண்ணெயாக இறங்கின. தட்டில் மிஞ்சியதை எல்லாம் "நீ சாப்பிடுடீ" என்று என் பக்கமே தள்ளினார்கள். சாப்பிடும்போது உதட்டிலும் நாக்கு நுனியிலும் லேசாகக் குறுகுறுவென்று ஒரு எரிச்சல். பச்சை நிறத்தில் வசாபி வைத்திருந்தார்கள், அது மூக்கில் ஏறுகிற காரம். இதுவும் அந்தக் காரம்தான் என்று நினைக்காமல் யாரும் இருக்க முடியாது. ஹிஸ்டமின் ஏறிய மீன் சில சமயம் வாயில் மிளகு மாதிரிக் காந்தும் என்று பிறகு மருத்துவர் சொன்னார். குழம்பிலோ வறுவலிலோ, நம் மிளகாய் மசாலாவில் அது தெரியாது. சுஷியில் வசாபி அதை மறைத்துவிடும். எனவே ஒரு முன்கூட்டிய குறிப்பு: வசாபியும் சோயா சாஸும் தொடாமல் முதல் துண்டைத் தனியாக வாயில் வைத்துப் பாருங்கள். வெறும் மீனே காந்தினால், நாக்கு கூசினால், அங்கேயே நிறுத்திவிடுங்கள், காசு போனாலும் பரவாயில்லை. ஆனால் ஒன்றும் காந்தவில்லை என்பதால் மீன் சரி என்று ஆகிவிடாது. பல சமயம் வாசத்திலும் ருசியிலும் எந்த வித்தியாசமும் இருக்காது.

பில் நான்காகப் பிரிந்து எனக்கு 2,400 ரூபாய் சொச்சம் வந்தது. எல்லாரும் அணைத்துக்கொண்டு கிளம்பினோம். ஸ்கூட்டரில் வரும்போதே இரண்டு காதும் சூடாக இருந்தன. தை மாதக் குளிர்காற்று முகத்தில் அடிக்கிறது, ஆனால் முகம் கொதிக்கிறது. வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டுக் கண்ணாடியைப் பார்த்தால் நெற்றி, கன்னம், கழுத்து, நெஞ்சு வரைக்கும் நாள் முழுக்க வெயிலில் நின்றவள்போலச் சிவந்து கிடக்கிறது. அதோடு நெற்றிப்பொட்டு இரண்டிலும் சம்மட்டி அடி. நெஞ்சு துடிப்பது காதில் கேட்டது. வயிறு முறுக்கி இரண்டு தடவை பாத்ரூம் ஓடினேன். கை நடுங்க ஆரம்பித்தது.

என் கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். மகன் கோயம்புத்தூரில் படிக்கிறான். வீட்டில் நான் மட்டும்தான். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் என்பதால் கணவர் தூங்கியிருப்பார். போன் அடித்தேன், எடுக்கவில்லை. சிங்கப்பூர்த் தோழிக்கு அடித்தால் பிஸி. டீச்சர் தோழி சீக்கிரம் படுத்துவிடுவாள், அவளை எழுப்பத் தயக்கம். பள்ளத்தூரில் இருக்கிற அம்மாவுக்குச் சொன்னால் அந்த நேரத்தில் அவர் பதறி என்ன ஆவாரோ என்கிற பயம். ஹார்ட் அட்டாக் என்றே நினைத்தேன். இந்த வீட்டில் நான் விழுந்து கிடந்தால் காலையில் வேலைக்கார அக்கா வந்து கதவைத் தட்டும்வரை யாருக்கும் தெரியாது. அந்த நினைப்பு வந்ததும்தான் உண்மையிலேயே உடம்பு விட்டுப்போனது. இப்போது எழுதும்போதும் அந்தப் பத்து நிமிடம் கண்ணைக் கலங்க வைக்கிறது.

நல்லவேளையாக ஒன்று செய்தேன். உள்தாழ்ப்பாளை எடுத்துவிட்டு, வாசல் கதவைச் சாத்தி மட்டும் வைத்துவிட்டு, திண்ணையில் உட்கார்ந்தேன். தனியாக இருக்கிற யாராக இருந்தாலும் உடம்பு சரியில்லை என்று தோன்றியதும் முதல் வேலை அதுதான். மயக்கம் வந்தபிறகு தாழ்ப்பாள் திறக்க முடியாது. வழக்கமாக வருகிற ஆட்டோ அண்ணனுக்குப் போன் போட்டேன். "இந்தா வந்துட்டேன் தங்கச்சி, அங்கேயே உக்காந்திரு" என்று வந்து சேர்ந்தார். அவருக்கு 300 ரூபாய் கொடுத்தேன், வாங்கவே மாட்டேன் என்றார். இந்த மாதிரி நேரத்தில் 108-ஐக் கூப்பிடலாம், அது விபத்துக்கும் பிரசவத்துக்கும் மட்டும் இல்லை, காசும் கிடையாது. மூச்சு வாங்கினாலோ, தொண்டை அடைத்தாலோ, நாக்கு வீங்கினாலோ, தலை சுற்றிக் கண் இருட்டினாலோ ஆட்டோவுக்கோ சொந்தக்காரருக்கோ காத்திருக்காமல் 108-தான் சரி. அதில் ஆக்சிஜனும், முதலுதவி தெரிந்தவரும் இருப்பார்கள். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தானாகவே ஆஸ்பத்திரிக்குப் போகிற வேலை வேண்டவே வேண்டாம்.

ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் எமர்ஜென்சியில் படுக்க வைத்தார்கள். பிரஷர் இறங்கியிருந்தது, நாடித் துடிப்பு 120-க்கு மேல். ஈசிஜி எடுத்தார்கள், இதயத்தில் கோளாறு இல்லை. அலர்ஜியை அடக்குகிற அவில் ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றி, ஒரு ஸ்டீராய்டு ஊசியும் போட்டார்கள். ஒரு மணி நேரத்தில் சிவப்பு இறங்க ஆரம்பித்தது. விடியற்காலையில் தலைவலி மட்டும்தான் பாக்கி. அந்த ராத்திரியில் அங்கே இருந்த இளம் மருத்துவரைப் பற்றி எனக்கு மனக்குறை இல்லை, உயிருக்குப் பயந்து வந்தவளைச் சரியாகக் கவனித்தார். ஆனால் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டவர், வேறு யார் சாப்பிட்டார்கள், அவர்களுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. "மீன் அலர்ஜி. இனிமே மீனே தொடாதீங்க" என்று சொல்லி, சீட்டில் பெரிய எழுத்தில் எழுதினார். பில் 7,350 ரூபாய். கம்பெனி இன்சூரன்ஸ் இருந்தும் ஒரு ரூபாய் வரவில்லை. பெரும்பாலான பாலிசிகளில் உள்நோயாளியாக 24 மணி நேரம் இருந்தால்தான் கிளெய்ம், எமர்ஜென்சியில் ஒரு ராத்திரி படுத்திருந்தால் கணக்கில் வராது. ஆடிட்டர் ஆபீஸில் வேலை, ஜிஎஸ்டி தாக்கல் நேரம், அந்த லீவுக்குச் சம்பளமும் பிடித்தார்கள்.

பணத்தைவிடப் பெரிய இழப்பு அதற்குப் பிறகுதான். செட்டிநாட்டில் பிறந்தவளிடம் மீனைத் தொடாதே என்றால் என்ன மிஞ்சும்? அம்மா வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் மீன் குழம்பு, திங்கட்கிழமை அதே குழம்பைச் சுடவைத்து இட்லிக்கு. நான் வருகிறேன் என்றால் அம்மா மீன் வாங்குவதையே நிறுத்திவிட்டார். மீன் வறுத்த தோசைக்கல்லைப் புளி போட்டுத் தேய்த்து, தனியாக எனக்கென்று ஒரு கரண்டி, ஒரு சட்டி வைத்தார். கருவாட்டு வாசம் பக்கத்து வீட்டிலிருந்து வந்தால் ஜன்னலைச் சாத்துவார். நண்டும் இறாலும் வேறு வகை என்றாலும் பயத்தில் அதையும் விட்டேன். ஹோட்டலுக்குப் போனால் ஒரே எண்ணெயில் மீனும் கோழியும் பொரிக்கிறார்களா என்று கேட்டுக் கேட்டுச் சர்வர் முகம் சுளிப்பார். கைப்பையில் அலர்ஜிக்கான செட்டிரிசின் மாத்திரை இல்லாமல் வெளியே போனதில்லை. மகன் லீவில் வந்தபோது எனக்காக அவனும் மீன் வேண்டாம் என்றான். அதுதான் எனக்கு ரொம்ப வலித்தது. சொந்தக்காரர்கள் எல்லாரும், "பச்சை மீனத் தின்னா இப்படித்தான் ஆகும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். அதற்குப் பதில் சொல்ல எனக்கும் விவரம் இல்லை.

ஆடி முடிந்து, மதுரையில் அலர்ஜி பார்க்கிற ஒரு மருத்துவரிடம் போனேன். ஊசி முனையால் தோலில் குத்திப் பார்க்கிற சோதனை செய்யலாம் என்று போனில் தேதி கொடுத்திருந்தார்கள். அங்கே போனபிறகுதான், அலர்ஜி மாத்திரை சாப்பிட்டால் ஒரு வாரமாவது நிறுத்திவிட்டு வரவேண்டும், இல்லாவிட்டால் சோதனையில் எதுவும் காட்டாது என்றார்கள். நான் முந்தின நாள்கூடத் தும்மலுக்குச் செட்டிரிசின் போட்டிருந்தேன். தேதி கொடுக்கும்போது இதை ஒருவரும் சொல்லவில்லை. ஒரு நாள் லீவும் பஸ் காசும் வீண். உங்கள் வீட்டில் யாருக்காவது இந்தச் சோதனை என்றால், சளிக்கு, தும்மலுக்கு, அரிப்புக்கு என்று சாப்பிடுகிற எல்லா மாத்திரையின் பெயரையும் போனிலேயே படித்துக் காட்டி, எதை எப்போது நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆஸ்துமாவுக்கோ வேறு நோய்க்கோ எடுக்கிற மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

மறுபடி போனபோது மருத்துவர் ஊசியை எடுப்பதற்கு முன்னால் கேட்ட கேள்விகள்தான் கதையை மாற்றின. என்ன மீன்? சூரை. அதற்கு முன்னால் வாழ்நாளில் மீன் சாப்பிட்டு எதுவும் வந்ததுண்டா? இல்லை, சின்ன வயதிலிருந்து வாரம் தவறாமல் சாப்பிட்டவள். அன்றைக்கு உங்களோடு அந்தச் சூரையைச் சாப்பிட்டவர்களுக்கு? எனக்குத் தெரியவில்லை. "கேட்டுட்டு வாங்கம்மா" என்றார். வராந்தாவில் நின்று எங்கள் வாட்ஸப் குழுவில் ஒரு வரி போட்டேன்: அன்னைக்கு ராத்திரி யாருக்காவது உடம்புக்கு ஏதாவது செஞ்சுச்சா?

முதலில் டீச்சர் பதில் போட்டாள். "எனக்கு முகமெல்லாம் எரிஞ்சு தலை வெடிச்சுச்சுடீ. பிரஷர் ஏறிருச்சுன்னு மாத்திரையப் போட்டுப் படுத்துட்டேன்." கொஞ்ச நேரம் கழித்து பேங்க்காரி: "எனக்கு வயித்தால போச்சு. சுஷிக்குக் கூப்பிட்டவ மனசு கஷ்டப்படுவாளேன்னு சொல்லல." சிங்கப்பூர்க்காரிக்கு ஒன்றும் இல்லை. விரதம் இருந்தவளுக்கும் ஒன்றும் இல்லை. அந்தச் சுவரில் சாய்ந்து நின்று அழுதேன். ஒரே ராத்திரி, ஒரே ஊருக்குள், ஒரே மீனைத் தின்று மூன்று பேர் மூன்று வீட்டில் தனித்தனியாகக் கஷ்டப்பட்டிருக்கிறோம். நான் அலர்ஜி என்று சொன்னபோதுகூட மற்ற இரண்டு பேருக்கும் தங்களுடையதும் அதே சங்கதி என்று தோன்றவில்லை. அவளுக்குப் பிரஷர், இவளுக்கு வயிறு, எனக்கு அலர்ஜி என்று ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொண்டோம். கல்யாண வீட்டில் என்றால் பந்தியில் உட்கார்ந்த எல்லாரும் ஒரே வீட்டில் தங்குவார்கள், பேச்சு வந்துவிடும். ஹோட்டலில் சாப்பிட்டுப் பிரிந்து போனவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆகவே வெளியே சேர்ந்து சாப்பிட்ட இரவில் உங்களுக்கு உடம்புக்கு என்ன செய்தாலும், அது எவ்வளவு சின்னதாக இருந்தாலும், அன்றிரவே குழுவில் போட்டுவிடுங்கள். வெட்கமோ, விருந்து கொடுத்தவர் மனசோ பார்க்க வேண்டாம். உங்களுக்கு லேசாக வந்தது இன்னொருத்தருக்குக் கடுமையாக வந்துகொண்டிருக்கலாம். எமர்ஜென்சியில் மருத்துவர் கேட்காவிட்டாலும், "என்கூடச் சாப்பிட்டவங்களுக்கும் இருக்கு" என்று நீங்களே சொல்ல முடியும்.

தோல் சோதனையில் மீன் எதற்கும் தடிக்கவில்லை. பிறகு மருத்துவர் கண் முன்னாலேயே கொஞ்சம் கொஞ்சமாகச் சமைத்த மீனைச் சாப்பிட வைத்துப் பல மணி நேரம் உட்கார வைத்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. இரண்டுக்கும் சேர்த்து 5,200 ரூபாய் ஆனது. இந்தச் சோதனையை யாரும் வீட்டில் தானாகச் செய்து பார்க்கக் கூடாது. உண்மையான மீன் அலர்ஜி இருக்கிறவர்களுக்கு ஒரு துண்டே உயிரை எடுத்துவிடலாம். என் கதையைப் படித்துவிட்டு, எனக்கும் இப்படித்தான் இருக்கும் என்று யாரும் மீனை எடுத்து வாயில் வைத்துவிடாதீர்கள். மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும்.

அவர் எனக்கு விளக்கியதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். சூரை, அயிலை, மத்தி, நெத்திலி, வஞ்சிரம் போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்கிற ஒரு பொருள் இயல்பாகவே அதிகம். மீன் பிடிபட்டதும் போதுமான குளிரில் வைக்காவிட்டால் சில பாக்டீரியாக்கள் பெருகி அந்த ஹிஸ்டிடினை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். அலர்ஜி வரும்போது நம் உடம்பு தானாக வெளியே விடுகிற அதே ஹிஸ்டமின்தான் இது. அதனால்தான் அறிகுறிகள் அச்சு அசல் அலர்ஜி மாதிரியே இருக்கின்றன, அவில் ஊசிக்கும் அடங்குகின்றன. வித்தியாசம் என்னவென்றால், அலர்ஜி சாப்பிடுகிறவரின் உடம்பில் இருக்கிற சங்கதி, இது மீனில் இருக்கிற சங்கதி. யார் தின்றாலும் வரலாம். சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் ஆரம்பித்து, பெரும்பாலும் ஒரு நாளுக்குள் தானாக அடங்கிவிடும். அதிகமாகத் தின்றவர்களுக்கு அதிகமாக வரும். எனக்கு ஏன் மற்றவர்களைவிட மோசமாக வந்தது என்பதற்கும் அதுதான் விடை. உலக உணவுத் தரக் குழுவான கோடெக்ஸ், ஒரு கிலோ மீனில் 200 மில்லிகிராம் ஹிஸ்டமினைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறது. ஒரே மீனில் ஒரு பக்கம் அதிகமாகவும் இன்னொரு பக்கம் குறைவாகவும் இருக்கும் என்பதால், ஒரே தட்டில் சாப்பிட்டவர்களில் ஒருவர் தப்பித்துக்கொள்ளவும் செய்யலாம்.

சொந்தக்காரர்களின் தீர்ப்புக்கு அப்போதுதான் எனக்குப் பதில் கிடைத்தது. பச்சை மீன் என்பது காரணமே இல்லை. ஹிஸ்டமின் உருவாகிவிட்டால் கொதிக்க வைத்தாலும், வறுத்தாலும், டின்னில் அடைத்தாலும், ஐஸில் உறைய வைத்தாலும் போகாது. அதே சூரையை அம்மா மண்சட்டியில் குழம்பு வைத்திருந்தாலும் நாங்கள் அதே பாடுதான் பட்டிருப்போம். பச்சை மீனில் பயப்பட வேண்டியது வேறு: புழுக்கள். அதற்காகத்தான் பச்சையாகப் பரிமாறுகிற கடல் மீனை மைனஸ் 20 டிகிரியில் ஏழு நாளோ, மைனஸ் 35 டிகிரியில் 15 மணி நேரமோ உறைய வைத்து எடுக்கச் சொல்கிறார்கள். வீட்டு ஃபிரிட்ஜின் ஃப்ரீசர் அந்தக் குளிரை நம்பகமாகத் தராது. அதனால் சந்தையில் வாங்கிய மீனை வீட்டில் பச்சையாகச் சுஷி போட வேண்டாம். கண்மாய் மீனையும் குளத்து மீனையும் எந்தக் காலத்திலும் பச்சையாகத் தொடக் கூடாது. சுஷி சாப்பிடுகிற இடத்தில் "மீன் ஃப்ரெஷ்ஷா?" என்று கேட்பதில் பயன் இல்லை, யாரும் இல்லை என்று சொல்லமாட்டார்கள். உறைய வைத்து வந்த மீனா, எங்கே வைத்து உறை இளக்கினீர்கள், இளக்கி எத்தனை மணி நேரம் ஆகிறது என்று கேளுங்கள். ஃபிரிட்ஜுக்குள் வைத்து இளக்கினோம், இன்றைக்கு இளக்கியது இன்றைக்கே தீர்ந்துவிடும் என்று தயங்காமல் பதில் வந்தால் நல்லது. தடுமாறினால் வெள்ளரிக்காய் ரோலும் வெந்த இறாலும் சொல்லிவிட்டு நிம்மதியாகப் பேசிக்கொண்டிருங்கள். எங்கள் ஊருக்குக் கடல் தொண்டிப் பக்கம் ஒரு மணி நேரத் தூரம்தான். ஆனால் சுஷிக்கு வருகிற சூரை பெரும்பாலும் வெளியூரிலிருந்து பெட்டியில் வருகிறது. வருகிற வழியில் ஒரு இடத்தில் ஐஸ் தீர்ந்தாலும் போதும்.

இது சுஷிக் கடையோடு முடிகிற விஷயம் இல்லை என்பதால் வீட்டு மீனைப் பற்றியும் சொல்ல வேண்டும். செவுளைத் தூக்கிப் பார்ப்பது, கண் பளபளப்பு, விரலால் அமுக்கிப் பார்ப்பது எல்லாம் நம் அப்பத்தா காலத்துக் கணக்கு. இன்றைக்கும் நல்ல கணக்குதான். ஆனால் ஹிஸ்டமினுக்கு அது முழுக்காவல் இல்லை. செவுள் சிவப்பாக இருக்கிற அயிலையிலும் அது ஏறியிருக்கலாம். கடைக்காரரிடம் பார்க்க வேண்டியது ஐஸை. மீன் ஐஸுக்குள் புதைந்து கிடக்கிறதா, ஐஸ் மேல் அலங்காரமாக வெயிலில் கிடக்கிறதா? அயிலை, மத்தி, சூரை வாங்கினால் பையில் கொஞ்சம் ஐஸும் கேட்டு வாங்குங்கள். மீன் வாங்கிவிட்டுக் காய்கறி, மளிகை என்று சுற்ற வேண்டாம், மீனைக் கடைசியாக வாங்குங்கள். வந்ததும் அலசி, அன்றைக்குத் தேவையானதைத் தவிர மிச்சத்தை உடனே ஃப்ரீசரில் வையுங்கள். மசாலா தடவிய துண்டை அடுப்படி மேடையில் மணிக்கணக்கில் ஊற வைக்காமல் ஃபிரிட்ஜுக்குள் ஊற வையுங்கள். 4 டிகிரிக்குக் கீழே இருக்கிறவரை அந்தப் பாக்டீரியா பெருகுவது வெகுவாகக் குறையும். கரண்ட் ரொம்ப நேரம் போய் மீன் இளகியிருந்தால் திரும்ப உறைய வைத்துத் தேற்றப் பார்க்க வேண்டாம். கொடுவா, சங்கரா, இறால், நண்டு இவற்றில் இந்தத் தொல்லை குறைவு.

இன்னொன்று மிகவும் முக்கியம். காசநோய்க்குக் கொடுக்கிற ஐசோனியாசிட் மருந்து, உடம்பு ஹிஸ்டமினைக் கரைக்கிற வேலையைத் தடுக்கிறது. அந்த மருந்தில் இருக்கிறவர்கள் சூரை போன்ற மீன்களைச் சாப்பிட்டால் கொஞ்சம் ஹிஸ்டமினுக்கே கடுமையாக வரலாம். வீட்டில் யாராவது அந்த மாத்திரையில் இருந்தால், மருந்து முடிகிறவரை என்ன மீன் சாப்பிடலாம் என்று மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் சமையுங்கள். மருந்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

அந்த உணவகத்துக்கும் போனேன். கோபமாக இல்லை, நடந்ததைச் சொல்லத்தான். பணம் கட்டிய தோழியிடம் கேட்டு வாங்கிய பில் கையில் இருந்தது. பொறுப்பில் இருந்தவர் கேட்டுக்கொண்டார், இத்தனை மாதம் கழித்து என்ன சொல்ல முடியும் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஹிஸ்டமினை நிரூபிக்க அந்த மீன் வேண்டும். அதனால் உங்களுக்கு இப்படி ஆகி, பார்சலில் மிச்சம் ஏதாவது இருந்தால் தூக்கிப் போடாமல் மூடி கட்டி, நாள் எழுதி ஃப்ரீசரில் வையுங்கள். பில்லை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், அதில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கும், புகாருக்கு அதுதான் அடையாளம். மாவட்டத்தில் உணவுப் பாதுகாப்புத் துறையின் நியமன அலுவலர் இருக்கிறார். மறுநாளே எழுதிக் கொடுத்தால் அவர்கள் போய் மாதிரி எடுக்க வாய்ப்பு உண்டு. இதைப் பழிவாங்குவதாக நினைக்க வேண்டாம். அந்தப் பெட்டியில் இன்னும் மீன் இருந்தால் மறுநாள் சாப்பிட வருகிறவர் தப்பிப்பார்.

கடைசியாக, சீட்டில் ஏறிவிட்ட பெயரை இறக்குவது. அலர்ஜி என்று ஒருதடவை எழுதிவிட்டால் அடுத்த ஆஸ்பத்திரி, அடுத்த ஆபரேஷன் என்று அது கூடவே வரும். மதுரை மருத்துவரிடம், இன்ன சோதனைகள் செய்தோம், மீன் அலர்ஜி இல்லை, அன்றைக்கு நடந்தது ஹிஸ்டமின் நஞ்சாக இருக்கவே வாய்ப்பு என்று லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்கினேன். அதன் நகலைக் காரைக்குடி ஆஸ்பத்திரியில் கொடுத்து என் பதிவேட்டில் சேர்க்கச் சொன்னேன். முதலில் அலைக்கழித்தார்கள், ரெக்கார்டு பிரிவில் எழுத்து மூலமாகக் கொடுத்தபிறகு வாங்கிக்கொண்டார்கள். ஒரு நகல் இன்சூரன்ஸ் ஃபைலில், ஒன்று மகனிடம், ஒன்று அம்மா வீட்டு அலமாரியில் இருக்கிறது.